சுங்க விதி பயணிக்கு வேலியே!

(சிறப்புப் பட்டிமன்றம். தலைப்பு: ‘வெளிநாட்டிலிருந்து வரும் பயணிக்குச் சுங்க விதி வேலியா? விலங்கா?’ இது ‘வேலியே’ என்ற அணியின் நிறைவுரை.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! பக்கத்தில் சுங்க அதிகாரி யாரும் இல்லை என்கிற தைரியத்தில் இவ்வளவு நேரம் முழங்கிவிட்டு அமர்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) அரங்கம் நிறைந்த அன்புப் பெருமக்களே! தொலைக்காட்சிக்கு முன்னால் அமர்ந்து, அடுப்பில் பாலையும் வைத்துவிட்டு எங்களையும் பார்த்துக்கொண்டிருக்கிற தாய்மார்களே!

வேலியா, விலங்கா? இதுதான் கேள்வி. எதிரணியில் பேசிய வழக்கறிஞர் நண்பர் என்ன சொன்னார்? “வேலியும் கம்பிதான், விலங்கும் இரும்புதான், பெயரில் என்ன இருக்கிறது” என்றார். நல்ல கைதட்டலும் வாங்கினார். ஐயா, நான் கிராமத்துக்காரன். வேலி கட்டின கையோடு வந்து பேசுறேன். விலங்கை உன் கையில மாட்டுவாங்க. வேலியை உன் வயலைச் சுத்திக் கட்டுவாங்க. அதுவும் போகட்டும். விலங்குக்குக் கதவு உண்டா? கிடையாது. வேலிக்குப் படல் உண்டு. படலைத் தூக்கி வச்சுட்டு நேரா நடந்து வந்தா அவன் உறவுக்காரன். படல் திறந்திருக்கும்போதே முள்ளுக்கு நடுவுல புகுந்து வந்தா? வேட்டி கிழியத்தான் செய்யும். கிழிஞ்ச வேட்டியைக் காட்டி, “பார்த்தீங்களா, வேலி எவ்வளவு கொடுமை!” என்று அழுவது நியாயமா நடுவர் அவர்களே? (கைதட்டல்)

அப்படியானால் சுங்கத்தில் படல் எது? வாயைத் திறந்து உள்ளதை உள்ளபடி சொல்வதுதான் படல். இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றே ஒன்றுதான்.

இந்தச் சுங்கம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த சங்கதி என்று எதிரணியில் ஒரு தம்பி சொன்னார். தம்பி, வள்ளுவரைத் திறந்து பாருங்கள். அரசனுக்குரிய பொருள்களை எண்ணும்போது ‘உல்கு’ என்று ஒரு சொல்லைப் போடுகிறார். உல்கு என்றால் சுங்கம். பட்டினப்பாலை படித்தவர்களுக்குத் தெரியும். காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் ஏற்றுமதிப் பொருளுக்கும் இறக்குமதிப் பொருளுக்கும் சோழனின் புலிச் சின்னம் குத்தி அனுப்புகிறார்கள். புலி குத்தின பிறகு அந்த மூட்டைக்குச் சோழ நாடே காவல். முத்திரை விழுந்த மூட்டையைத் தொட எவனுக்காவது துணிச்சல் வருமா? அந்த முத்திரை வணிகனுக்கு விலங்கா, வேலியா?

“முதற்குலோத்துங்கனுக்குச் சுங்கம் தவிர்த்த சோழன் என்று பட்டம் கொடுத்தார்களே, சுங்கம் சுகமாக இருந்தால் அதைத் தவிர்த்தவனைக் கொண்டாடுவார்களா?” என்று கேட்டார் வழக்கறிஞர். நல்ல கேள்வி. ஒத்துக்கொள்கிறேன். வரி யாருக்குமே இனிக்காது. ஆனால் எழுதி வைக்காத வரி எப்படி இருக்கும் என்பதற்கு நான் ஒரு கல்வெட்டைக் காட்டுகிறேன். ஆந்திரக் கடற்கரையில் மோட்டுப்பள்ளி என்று ஒரு பழைய துறைமுகம். அங்கே காகதீய மன்னன் கணபதிதேவன் 1244-ஆம் ஆண்டு வாக்கில் ஒரு தூணில் எழுதி வைத்தான். அதற்குப் பெயரே அபய சாசனம். செய்தி என்ன? முன்பெல்லாம் புயலில் கப்பல் உடைந்து கரை ஒதுங்கினால், அதில் இருக்கிற பொருளையெல்லாம் அரசர்கள் பறித்துக்கொண்டார்கள். நான் பறிக்க மாட்டேன், முப்பதில் ஒரு பங்கு சுங்கம், அதற்கு மேல் எனக்கு ஒரு மணி கூட வேண்டாம் என்று கல்லில் வெட்டிக் கொடுத்தான். பெருமக்களே, கவனியுங்கள். ‘இவ்வளவுதான் எடுப்பேன்’ என்று எழுதி வைப்பதற்குப் பெயர்தான் விதி. எழுதாமல் எடுப்பதற்குப் பெயர் கொள்ளை. கொள்ளைக்கும் பயணிக்கும் நடுவே நிற்பதுதான் ஐயா வேலி! (கைதட்டல்)

சரி, கல்வெட்டிலிருந்து விமான நிலையத்துக்கு வருவோம். 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம், 79-ஆம் பிரிவு என்ன சொல்கிறது? பயணி தான் உபயோகித்த தன் சொந்தப் பொருளைக் கொண்டுவந்தால் வரி இல்லை. அதற்கு மேலேயும் இவ்வளவு ரூபாய்க்குப் புதுப் பொருள் வரியில்லாமல் கொண்டுவா என்று சலுகை. அந்தத் தொகை எப்படி வளர்ந்திருக்கிறது பாருங்கள். 25,000 ரூபாயாக இருந்ததை 2012-ல் 35,000 ஆக்கினார்கள். 2014-ல் 45,000. 2016-ல் 50,000. 2026 பிப்ரவரியில் வந்த புது விதியில் 75,000. வெளிநாட்டவர் சுற்றுலாவுக்கு வந்தால் 15,000 ஆக இருந்தது 25,000 ஆகியிருக்கிறது. 18 வயது நிறைந்தவர் ஒரு மடிக்கணினியை இதற்கு வெளியே தனியாகக் கொண்டுவரலாம். விலங்கு நாளாக நாளாக இறுகும். இது நாளாக நாளாகத் தள்ளித் தள்ளி நடப்படுகிறதே! தள்ளி நடப்படுவது எது? வேலி.

இதில் ஒரு சுவையான இடம் உண்டு. ஒருவர் கணக்கில் மிச்சம் இருப்பதை இன்னொருவர் கணக்கோடு சேர்க்கக் கூடாது என்று 2016-ஆம் ஆண்டு விதியில் எழுதியிருந்தார்கள். புருஷன் கணக்கில் 20,000 மிச்சம், அதை மனைவி கணக்கில் சேர்த்துக்கொள்ளலாமா என்றால், கூடாது. இந்த விதியை எழுதினவர் நிச்சயம் கல்யாணம் ஆகாதவர். (பலத்த சிரிப்பு) எங்க வீட்டில் முப்பது வருஷமா என் கணக்கு எது, அவங்க கணக்கு எதுன்னு எனக்கே தெரியாது!

“சட்டம் பயணியைச் சந்தேகப்படுகிறது” என்றார்கள் எதிரணியில். இறங்கி வந்தவுடனே என்ன இருக்கிறது? இரண்டு வழி. பச்சை வழி, சிவப்பு வழி. வரி கட்டவேண்டிய பொருளோ தடைப் பொருளோ என்னிடம் இல்லை என்றால் பச்சையில் நடக்கலாம். உண்டு என்றால் சிவப்பில் போய்ச் சொல்லலாம். எந்த வழி என்று யார் முடிவு செய்கிறார்? அதிகாரியா? இல்லை. நீங்கள்! ஐயா, ரேஷன் கடையில் அரிசி வாங்கக் கைரேகை கேட்கிற நாடு இது. அந்த நாட்டில், பத்துப் பதினைந்து லட்சம் பெறுமான பொருளோடு ஒருவன் வந்து இறங்கினாலும், ‘நீயே சொல்லப்பா, நான் நம்புகிறேன்’ என்று ஒரு பாதையைத் திறந்து வைத்திருக்கிறார்களே! முன்கூட்டியே விவரத்தைச் சொல்லிவிட 2019-ல் ஒரு செயலி கொண்டுவந்தார்கள். அதற்கு வைத்த பெயர் ‘அதிதி’. அதிதி என்றால் விருந்தாளி. விருந்தாளிக்கு யாராவது விலங்கு மாட்டுவார்களா?

ஆனால் நம்ம ஆளுக்குச் சிவப்பைக் கண்டால் பயம். அந்தப் பயத்தின் விலை என்ன என்று என் வீட்டிலேயே பார்த்தவன் நான்.

1983-ஆம் வருஷம். என் தாய்மாமன் வளைகுடா நாட்டிலிருந்து மூன்று வருஷம் கழித்து வருகிறார். டூ-இன்-ஒன் ரேடியோ, அம்மாவுக்கு நைலான் சேலை, பாட்டிக்குக் கோடாலித் தைலம், அப்பாவுக்கு ஒரு கைக்கடிகாரம். வேறு ஒன்றும் இல்லை. விமானத்தில் பக்கத்தில் இருந்தவன் காதில் ஓதியிருக்கிறான்: “அண்ணே, வாட்சைக் காட்டிராதீங்க. புடுங்கிருவாங்க.” மாமா பயந்து போய், பவுடர் டப்பாவைத் திறந்து, பவுடருக்குள்ளே வாட்சைப் புதைச்சு மூடிட்டார். அது அப்போ புதுசா வந்த எலக்ட்ரானிக் வாட்ச். மணிக்கு மணி கூவும். மாமா போய் நிக்கிறாரு. அதிகாரி பெட்டியை மூடி, “சரி, போங்க”ன்னு கையைத் தூக்குற நேரம் பார்த்து, மணி பத்து! பவுடர் டப்பா ‘பீப் பீப்’னு பேசுது! (பலத்த சிரிப்பு)

அதிகாரி டப்பாவைத் தட்டினார். மேசை எல்லாம் பவுடர். மாமா முகத்தில் பவுடரே போட வேண்டாம், அப்படி வெளுத்துப் போச்சு. அந்த அதிகாரி சொன்னதை மாமா எங்களிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறார். “ஏம்ப்பா, மூணு வருஷம் உழைச்சிட்டு வர்றே. இதைக் கையில கட்டிட்டு வந்திருந்தா நான் என்ன கேட்கப் போறேன்? ஒளிச்சு வச்சதால இப்ப நான் எழுத வேண்டியிருக்கு.” எழுதினார். வாட்ச் வீட்டுக்கு வரவில்லை. மாமா சாகும்வரை சொன்ன வார்த்தை இதுதான்: “வாட்சு போனது பெருசில்ல மாப்ளே. அந்த ஆளு ஒரு நிமிஷம் என்னைத் திருடனைப் பார்க்கிற மாதிரி பார்த்தாரே...”

பெருமக்களே, மாமாவைத் திருடனாக்கியது வாட்ச் அல்ல. டப்பா! விதி பொருளைப் பார்த்துக் கோபப்படவில்லை. மறைவைப் பார்த்துக் கோபப்பட்டது. (கைதட்டல்)

இப்போது எதிரணியின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். அதைத் தொடாமல் போனால் நான் ஆசிரியனாக இருக்கவே தகுதியில்லை. சகோதரி கண்கலங்கப் பேசினார்கள். “என் தாயின் கையில் கிடந்த வளையலுக்குக் கணக்குக் கேட்டார்கள்” என்றார்கள். இந்த அரங்கமே அமைதியானது. நானும்தான். அந்த வலி உண்மை. அதை மறுக்க மாட்டேன்.

எங்கே தவறு நடந்தது? தொகையில். ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் குடியிருந்து திரும்புகிறவர் வரியில்லாமல் கொண்டுவரும் நகைக்கு 1991-ல் வைத்த பண வரம்பு, 2013-ல்தான் மாறியது. ஆணுக்கு 50,000, பெண்ணுக்கு 1 லட்சம் என்று ஆக்கினார்கள். 2016-ல் எடையையும் சேர்த்தார்கள். ஆணுக்கு 20 கிராம், பெண்ணுக்கு 40 கிராம். ஆனால் 1 லட்சம் ரூபாய் என்கிற வரம்பு அப்படியே நின்றது. 40 கிராம் என்றால் ஐந்து பவுன். 2025-ல் தங்கம் கிராம் 10,000 ரூபாயைத் தாண்டிப் போனதே, அப்போது 1 லட்சத்துக்கு எத்தனை பவுன் வரும்? ஒன்றேகால் பவுன் கூட முழுசாக வராது. ‘ஐந்து பவுன் கொண்டுவா தாயே’ என்று ஒரு கையால் கொடுத்துவிட்டு, ‘ஒரு லட்சத்துக்குள் கொண்டுவா’ என்று இன்னொரு கையால் பிடுங்கினால், அந்த இடத்தில் வேலி காலில் குத்தத்தான் செய்தது. ஒத்துக்கொள்கிறேன் சகோதரி. (கைதட்டல்)

ஆனால் குத்திய முள்ளை எடுத்தது யார்? சட்டம்தானே! 2017-ல் உச்ச நீதிமன்றம், சுற்றுலாப் பயணி தன் சொந்த உபயோகத்துக்குக் கொண்டுவந்த நகை, விலை அதிகம் என்கிற காரணத்தாலேயே கடத்தல் பொருள் ஆகிவிடாது என்றது. 2025-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில், வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பெண்ணின் தாலிக்கொடியைப் பிடித்து வைத்த வழக்கில், திருப்பிக் கொடுங்கள் என்று நீதிபதி உத்தரவிட்டார். 2026 பிப்ரவரியில் விதியே மாறியது. பணக் கணக்கை எடுத்துவிட்டார்கள். எடை மட்டும்தான். பெண்ணுக்கு 40 கிராம், மற்றவர்களுக்கு 20 கிராம். தங்கம் விலை ஏறினால் என்ன, இறங்கினால் என்ன, ஐந்து பவுன் ஐந்து பவுன்தான்.

இன்னொன்று. இங்கிருந்து கல்யாணத்துக்காகவோ பிள்ளையைப் பார்க்கவோ நகை போட்டுக்கொண்டு வெளிநாடு போகிற தாய்மார்கள் கவனிக்க வேண்டும். புறப்படும்போதே சுங்க அதிகாரியிடம் நகையைக் காட்டி ஒரு ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளலாம். திரும்பி வரும்போது, ‘இது இங்கிருந்து போன நகை’ என்று அந்தக் காகிதம் பேசும். நாம் என்ன செய்கிறோம்? மூன்று மணி நேரம் முன்னால் போகிறோம், அந்த நேரம் முழுக்க வழியனுப்ப வந்தவர்களோடு போட்டோ எடுக்கிறோம். (சிரிப்பு) கையில் ஒரு காகிதம் இருந்தால் வளையலுக்குக் கண்ணீர் எதற்கு?

அதேபோல, வெளிநாட்டிலிருந்து சுற்றுலா வருகிறவர் ஒரு பொருளைக் கொண்டுவந்துவிட்டார். இங்கே அதற்கு வரி உண்டு, அல்லது தடையே உண்டு என்று இறங்கின பிறகு தெரிகிறது. 80-ஆம் பிரிவு என்ன சொல்கிறது? உண்மையை அறிவித்துவிட்டு, ‘இதை நீங்களே வைத்திருங்கள், நான் ஊர் திரும்பும்போது வாங்கிக்கொள்கிறேன்’ என்று கேட்கலாம். கோயிலுக்கு வெளியே செருப்பை விட்டுப் போவதில்லையா? அந்த மாதிரி. (சிரிப்பு) சோதனையா? 102-ஆம் பிரிவைப் பாருங்கள். பெண்ணின் உடம்பைப் பெண்தான் சோதிக்க வேண்டும். என்னை உயர் அதிகாரியிடமோ நீதிபதியிடமோ கூட்டிப்போ என்று கேட்கும் உரிமை பயணிக்கு உண்டு. பொருளைப் பறிமுதல் செய்ய வேண்டுமா? காரணத்தைச் சொல்ல வேண்டும், உன் பதிலைக் கேட்க வேண்டும் என்கிறது 124-ஆம் பிரிவு. தீர்ப்பு பிடிக்கவில்லையா? 60 நாளுக்குள் மேல்முறையீடு. வழக்கறிஞர் நண்பரே, விலங்கு மாட்டுகிறவன் இத்தனை சாவியையும் கைதியின் பையிலேயே போட்டு அனுப்புவானா? (கைதட்டல்) சாவி இருப்பது தெரியாமல் நாம் நிற்கிறோம். அது விதியின் குற்றமா?

இந்த நாட்டில் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். மகன் துபாய் போகிறான். அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. குருமாவுக்கென்று வறுத்து அரைத்த பொடியோடு ஒரு பொட்டலம் கசகசாவும் கட்டிக் கொடுக்கிறாள். தாய்மார்களே, கசகசா என்பது அபினிச் செடியின் விதை. நமக்கு அது குருமா, பாயாசம். ஐக்கிய அரபு நாட்டில் அது தடை செய்யப்பட்ட பொருள். சிறை வரைக்கும் போகும். பாசத்தோடு கட்டின பொட்டலம் பிள்ளையைப் பாழாக்கிவிடும். சிங்கப்பூரில் 1992-லிருந்து சூயிங்கம் இறக்குமதிக்குத் தடை. சிகரெட்டுக்கு அங்கே ஒன்றுக்குக் கூட வரிச்சலுகை கிடையாது. ஆஸ்திரேலியாவுக்குப் போனால் பழம், விதை, மரச்சாமான், ஊறுகாய் எல்லாவற்றையும் அட்டையில் குறித்துச் சொல்ல வேண்டும். ஒரு பழத்துக்குள்ளே இருக்கிற பூச்சி ஒரு தோட்டத்தையே தின்றுவிடும் என்கிற பயம் அவர்களுக்கு. ஆனால் அங்கேயும் படல் ஒன்றுதான். சொன்னால் பார்ப்பார்கள். ஆகும் என்றால் கையில் கொடுப்பார்கள், ஆகாது என்றால் எடுத்துக்கொள்வார்கள், அபராதம் இல்லை. சொல்லாமல் மறைத்தால் அபராதம். நாட்டுக்கு நாடு வேலியின் உயரம் மாறும். படல் மாறாது.

நடுவர் மணியில் கை வைக்கிறார். பவுடர் டப்பாவை விட நடுவர் கண்டிப்பானவர் என்று எனக்குத் தெரியும். (சிரிப்பு) இன்னும் ஒரே ஒரு செய்தி சொல்லி முடித்துவிடுகிறேன்.

என்னிடம் படித்த ஒரு மாணவன். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம். தமிழ் இலக்கியம் படித்தவன். குரல் நல்லா இருக்கும், வகுப்பில் அவனைத்தான் பாடச் சொல்வேன். அப்பா இல்லை. தங்கச்சி கல்யாணத்துக்குக் கடன். 2023-ல் ஒருவன் வந்து கேட்டிருக்கிறான்: “தம்பி, வெளிநாடு பார்த்திருக்கியா? டிக்கெட் நான் போடுறேன். மூணு நாள் சுத்திப் பாரு. வரும்போது ஒரு பை கொண்டுவா. கையில பத்தாயிரம்.” இதற்கு ஊரில் பெயர் குருவி. எவ்வளவு அழகான பெயர் பாருங்கள்! பறப்பதென்னவோ குருவிதான். தானியம் யாருக்குப் போகிறது?

ஏன் ஒருவன் இன்னொருவனுக்கு டிக்கெட் போட்டு அனுப்புகிறான்? கணக்கு எளிது. 2022 ஜூலையில் தங்க இறக்குமதி வரியை 15 சதவீதம் ஆக்கினார்கள். 2024 ஜூலையில்தான் 6 ஆகக் குறைந்தது. ஒரு கிலோ 60 லட்சம் என்று வையுங்கள். வரி 9 லட்சம். அந்த 9 லட்சம் அனுப்பினவனுக்கு. பத்தாயிரம் குருவிக்கு. பிடிபட்டால் சிறை? அது முழுவதும் குருவிக்கு! சுங்கச் சட்டம் 135-ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை சிறைக்கு வழி இருக்கிறது.

அவன் பச்சை வழியில் நடந்தான். பச்சையில் எடுத்து வைத்த ஒவ்வொரு அடியும் ‘என்னிடம் ஒன்றும் இல்லை’ என்று சொன்னதற்குச் சமம். பிடித்தார்கள். வெளியே கார் வைத்துக் காத்திருந்தவன் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் பெயர் கூட இவனுக்குச் சரியாகத் தெரியாது.

பத்து நாள் கழித்து அந்தத் தாய் என் வீட்டுக்கு வந்தாள். வாசல்படியிலேயே உட்கார்ந்தாள். எத்தனையோ மேடையில் பேசியவன் நான், அவள் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் வரவில்லை. “சார், எம்புள்ள திருடலையே சார். சொமந்துக்கிட்டுதானே வந்தான்? சொமக்கிறது குத்தமா சார்?”

(அரங்கில் அமைதி)

அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு அகநானூறு சொல்லிக் கொடுத்தேன். பாலைத் திணையில் பொருள் தேடிப் போகிறவன் எத்தனை காடு, எத்தனை மலை தாண்டுகிறான் என்று உருகி உருகிச் சொன்னேன். திரும்பி வருகிற வழியில் பச்சை, சிவப்பு என்று இரண்டு பாதை இருக்கிறது, ‘பயணியின் உடைமை’ என்று சட்டம் சொன்னால் அது உன் உடைமை, இன்னொருவன் மூட்டை இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்தேனா? இல்லையே! வேலி அங்கேதான் இருந்தது. அது வேலி என்று அவனுக்கு யாரும் காட்டவில்லை. தெரிந்திருந்தால், அந்த டிக்கெட்டை நீட்டினவனிடம் என்ன சொல்லியிருப்பான்? “அண்ணே, என் பெட்டியில என் சாமான்தான் இருக்கணும்னு சட்டம் இருக்கு, மன்னிச்சிருங்க” என்று சொல்லியிருப்பான். ஏழைப் பிள்ளை, பெரிய மனுசனிடம் ‘முடியாது’ என்று சொல்ல அவனுக்கு ஒரு துணை வேண்டாமா? அந்தத் துணைதான் ஐயா விதி! விதியே இல்லாவிட்டால், அந்த மூட்டையைச் சுமக்க மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு என்ன காரணம் இருக்கும்? (நீண்ட கைதட்டல்)

ஆகவே நடுவர் அவர்களே! இந்த வேலியில் முள் உண்டு. சில இடத்தில் முள் உள்பக்கம் திரும்பியும் இருந்தது. அதைத் திருப்பிக் கட்டச் சொல்லிக் கேட்போம், கேட்டுப் பெற்றிருக்கிறோம். அதற்காக வேலியையே விலங்கு என்று பேசிவிட்டுப் போனால், நாளைக்கு இன்னொரு குருவி பறக்கும். இன்னொரு தாய் இன்னொரு வாசல்படியில் உட்காருவாள்.

நாளைக்குப் பெட்டி கட்டப் போகிற என் பிள்ளைகளுக்கு மூன்றே மூன்று வார்த்தை. தெரியாததைக் கேளுங்கள். உள்ளதைச் சொல்லுங்கள். பிறர் மூட்டையைச் சுமக்காதீர்கள். சிவப்பு வழி என்பது குற்றவாளி போகிற வழி இல்லை. உண்மை சொல்லத் தயாராக இருக்கிறவன் தலைநிமிர்ந்து நடக்கிற வழி. அந்த வழியில் போனவன் கொஞ்சம் வரி கட்டிவிட்டு வருவான். ஆனால் நேராக வீட்டுக்கு வருவான்.

சுங்க விதி பயணிக்கு வேலியே, வேலியே என்று தீர்ப்புத் தருமாறு கேட்டு அமர்கிறேன்.